முதல் பதிலை எங்கே போட்டாய்

அருணாசலம்,

உன் ஆபீஸில் உன்னை அருண் என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டிலும் அப்படியே கூப்பிட வைக்க ஒரு மாதம் முயன்று பார்த்தாய். இந்தக் கடிதம் நான் வைத்த பெயருக்கு எழுதப்படுகிறது. போனிலேயே பேசலாமே என்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் உனக்கு மீட்டிங் வந்துவிடும். காகிதத்தில் அப்படி நழுவ முடியாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் உறையை ஒட்டி ரகசியமாக அனுப்பப் போவதில்லை. எழுதி முடித்ததும் தேவகி என்று ஒருத்திக்குப் படித்துக் காட்டுவேன், அவள் யார் என்று பின்னால் சொல்கிறேன். உன் அப்பாவும் படிப்பார், படித்துவிட்டு "எதுக்கு இதெல்லாம்" என்பார். அவர் எங்கள் கல்யாணத்திலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு தாய் எழுதினால் அதில் குளிருக்கு ஸ்வெட்டர், நேரத்துக்குச் சாப்பாடு, வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் எல்லாம் இருக்க வேண்டும். உனக்கு முப்பத்தொரு வயது ஆகிறது. ஸ்வெட்டர் போடத் தெரியாவிட்டால் நடுங்கு. நான் எழுத வந்தது, நீ இங்கே விட்டுவிட்டுப் போகிற ஒரு காரியத்தைப் பற்றி.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கார்த்திகை தீபத்துக்கு வந்திருந்தாய். ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று முதுகில் பையோடு நடந்து வந்தாய். கால் கழுவின ஈரம்கூடக் காயவில்லை, கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உன் பெட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். உள்ளங்கை அளவுப் பெட்டி. பால் சேகரிக்கிற நிலையங்களில், பாலைக் குளிர வைக்கிற பெரிய தொட்டியின் மேல் அது உட்கார்ந்திருக்கும். பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்து, கேபிள் வழியாகப் பால் கம்பெனிக்கு அனுப்பும். அந்தக் கேபிள் வந்து சேருகிற வாசலில் ஒரு சிப்; மின்சார சிக்னலை வாங்குவதும் கொடுப்பதும் அதன் வேலை. அந்தச் சிப்பை ஆட்டிப் படைக்கிற, டிரைவர் என்கிற புரோகிராமை நீ எழுதினாய். மேலே ஓடுகிற புரோகிராமுக்கு எந்தச் சிப், என்ன கேபிள் என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை. அது "இணைப்பு இருக்கிறதா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். உன் டிரைவர் நிமிஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவந்து, இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லும். அந்த ஒற்றைக் கேள்விக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர் வைத்து, அதற்காக உனக்கு ஆர்க்கிடெக்ட் என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். எளிமையே அழகு என்று நாலு வரி எழுதி, கையைக் கட்டிக்கொண்டு நீ நிற்கிற போட்டோவையும் போட்டிருந்தாய்.

எனக்குப் புரிந்தது. டெலிபோன் இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் டெஸ்ட் மேஜையில். எக்சேஞ்சில் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் போகிற லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. நான் இரண்டு கேள்வி கேட்டதும் "பரவால்லியேம்மா" என்றாய், எல்.கே.ஜி. குழந்தை ரைம்ஸ் சொன்னதுபோல.

அப்போதுதான் அந்தச் சிப்பின் குணம் ஒன்றைச் சொன்னாய். கேபிள் ஒரு விநாடி அறுந்து மறுபடி ஒட்டினாலும் அது மறக்காது. அடுத்த முறை யார் வந்து கேட்டாலும், "நடுவில் ஒரு முறை விழுந்தது" என்பதைத்தான் முதலில் சொல்லும். அதைச் சொல்லி முடித்த பிறகு, இரண்டாவது முறை கேட்டால்தான் இப்போதைய நிலைமையைச் சொல்லும். இதைச் செய்தவன் வெயிலில் நின்று வேலை பார்த்தவன் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீயோ சலித்துக்கொண்டாய். "அதாம்மா பெரிய தொல்லை. அதனால ரெண்டு தபா படிச்சிடுவேன். மொத பதில் பழசு. அத வுட்டுட்டு ரெண்டாவதத்தான் மேல குடுப்பேன்" என்றாய். "மொத பதில எங்க போடுவ" என்று கேட்டேன். "எங்கயும் போடறதில்லம்மா" என்று சிரித்தாய். நான் அங்கேயே உன்னைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான் என்ற பெருமையில், இன்னும் இரண்டு அடை போட்டுத் தட்டில் வைத்தேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

மூன்று வாரத்துக்கு முன்பு தேவகி வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு பால் கம்பெனியின் சேகரிப்பு நிலையத்தை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவளிடம் யாரோ, இங்கிலீஷ் கடிதம் என்றால் டெலிபோன் அம்மா படித்துச் சொல்லும் என்று நம் வேங்கிக்கால் வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். அவள் கையில் ஒரு மெமோ. தெரிந்தவர்கள் ஊற்றிய கெட்டுப்போன பாலைச் சோதிக்காமல் வாங்கி, தொட்டியில் இருந்த நல்ல பாலையும் கெடுத்து, பிறகு மெஷின் நின்றுபோனதாகப் பொய் சொன்னாள் என்று குற்றச்சாட்டு. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். பால் ஊற்ற வருகிற சனங்கள் இப்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கேனை வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறார்கள் என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் ஒரு இமை இமைத்தது. தொட்டியின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. அது தானாக ஓடாது, கையால் போட வேண்டும். கேபிளின் மறுமுனையில் இருந்த ரூட்டரும் அணைந்து, ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துகொண்டது. உன் பெட்டியில் பேட்டரி உண்டு, அது மட்டும் அணையவில்லை. தேவகி அந்த நேரம் பின்னால் கேன் கழுவிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் மணிக்கு ஒரு முறை தொட்டியின் டிகிரி முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவாளாம். உன் பெட்டி வந்த அன்றைக்கு அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், இனிமேல் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று. நாலரை மணிக்குத் தொட்டியில் கை வைத்தாள், சில்லென்று இல்லை. உடனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். அவர் ஆபீஸில் திரையைப் பார்த்துவிட்டு, "எனக்கு நாலு டிகிரி காட்டுது, ஒனக்கு மட்டும் எப்டி சுடும்" என்று வைத்துவிட்டார். வேன் வருவதற்குள் பால் திரிந்துவிட்டது.

மெமோவோடு உன் பெட்டி எழுதி வைத்த பதிவை, நீங்கள் லாக் என்கிறதை, நாலு பக்கம் சேர்த்துத் தைத்திருந்தார்கள். நிமிஷத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் இணைப்பு உள்ளது, நாலு டிகிரி. இணைப்பு உள்ளது, நாலு டிகிரி. இரண்டு மணிக்குப் பிறகு அந்த எண் ஒரு புள்ளிகூட அசையவில்லை. இரண்டரை மணி நேரம் அசையாமல் கிடக்கிற எண்ணைப் பார்த்து அந்த ஆபீஸில் படித்த ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை. மெஷின் எவ்வளவு ஒழுங்கு, பொம்பளை எவ்வளவு மோசம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "நான் பொய் சொல்லலம்மா. ஆனா பொட்டி பொய் சொல்லாதுனு சொல்றாங்க, நான் என்னத்த சொல்ல" என்றாள் தேவகி. லாக்கின் தலைப்பில் இருந்த பெட்டியின் பெயரைப் பார்த்தேன். நீ கூடத்தில் உட்கார்ந்து எனக்குக் காட்டிய அதே பெட்டி. காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். கெட்டிக்காரன் நீ, அதில் குறை சொல்ல மாட்டேன். நான் இரண்டு வரி படித்ததும் கண்டுபிடித்துவிட்டாய். இணைப்பு விழுந்து எழுந்திருக்கிறது, விழுந்தது தெரிந்தால்தான் மேலே இருக்கிற புரோகிராம் கம்பெனியோடு மறுபடி தொடர்பு பிடிக்கும், தெரியாததால் போய்ச் சேராத பழைய எண்ணையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு கிடந்திருக்கிறது என்று நீயே சொன்னாய். ஒரு நிமிஷத்துக்குள் நடந்துவிட்டதால் உன் டிரைவர் பார்க்கவில்லை என்றாய். பார்த்ததடா. சிப் சொல்லியிருக்கிறது. உன் டிரைவர் அதைக் கேட்டுவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கிறது. அதை நான் சொன்னதும் நீ பேசியதை எழுத்துக்கு எழுத்து இங்கே எழுதுகிறேன், தேவகியும் கேட்கட்டும். "மேல இருந்து கேட்டாத்தானேம்மா நான் சொல்ல முடியும். இருக்கானுதான் கேட்டாங்க. வுழுந்துச்சானு யாரும் கேக்கல."

முப்பது வருஷம் சோறு போட்டு வளர்த்ததற்கு இப்படி ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. மேலே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியக் கூடாது, கீழே இருப்பவன் கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க நீ நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டாம். எங்கள் இலாகாவில் எந்த ஹெட் கிளார்க்கும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்திருப்பார். அந்த அழைப்பு முழுக்க அந்தப் பொம்பளையின் பெயர் என்ன என்று நீ ஒரு முறை கேட்கவில்லை. சிப்பின் பெயரை மூன்று முறை சொன்னாய்.

ஒரு வாரம் கழித்து நீயே கூப்பிட்டாய், குரலில் சந்தோஷம். சரி பண்ணிவிட்டாயாம். "விழுந்ததா" என்று இன்டர்ஃபேஸில் தனியாக ஒரு கேள்வி சேர்த்துவிட்டாயாம். முதல் பதிலையும் பத்திரமாக மேலே அனுப்புகிறதாம். எல்லாப் பெட்டிக்கும் அப்டேட் போய்விட்டதாம். அதில் என்ன காரணம் எழுதினாய் என்று கேட்டேன். சிறு மேம்பாடு என்று எழுதினாயாம். ஒருத்தியின் பிழைப்பு போகிறது, உனக்கு அது சிறு மேம்பாடு. சரி, பழைய டிரைவரில் இந்தக் குறை இருந்தது, இணைப்பு விழுந்தாலும் லாக்கில் உள்ளது என்றுதான் வரும் என்று உன் பெயரில் ஒரு பக்கம் எழுதிக் கொடு, அவள் விசாரணையில் வைக்கட்டும் என்று கேட்டேன். அது பால் கம்பெனி ஹெச்.ஆர். விஷயம் என்றாய். ரிலீவிங் லெட்டர் வாங்குகிற நேரத்தில் நானே போய் மாட்டிக்கொள்ள வேண்டுமா என்றாய். பிறகு, வழக்கம்போல, மீட்டிங்.

உன்னை இவ்வளவு திட்டுகிறவளின் யோக்கியதை என்ன என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் திட்டினால் அது எனக்கே ஒட்டாது.

நீ யு.கே.ஜி. படித்தபோது முனுசாமி என்று ஒரு லைன்மேன் இருந்தார். ஏரிக்கரையோரமாகப் போகிற ஒரு லைன் அடிக்கடி செத்துச் செத்துப் பிழைக்கும். கேபிள் ஜாயின்ட் கெட்டுவிட்டது, அந்தத் துண்டையே மாற்ற வேண்டும் என்று அவர் நாலைந்து தடவை எழுதிக் கொடுத்தார். மாற்றுவதென்றால் மேலே அனுமதி, கேபிள், ஆட்கள். அதனால் என்னை டெஸ்ட் பண்ணச் சொல்வார்கள். நான் லைனைப் போட்டுப் பார்க்கும்போது மீட்டரின் முள் முதலில் ஒரு முறை தடாலென்று விழும். பிறகு எழுந்து, சாதுவாக நிற்கும். நின்ற பிறகு தெரிந்த அளவை ரிஜிஸ்டரில் எழுதி, சரியாக உள்ளது என்று கையெழுத்துப் போடுவேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவையும் அப்படித்தான். ரிஜிஸ்டரில் ஒரு கட்டம்தான் இருந்தது. முள் விழுந்ததை எழுத இடமில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. நீ சொன்னது எனக்குப் புதிதாக இல்லை என்பது இப்போது புரிகிறதா.

வேலை செய்யச் சோம்பிக்கொண்டு லைன் மேல் பழி போடுகிறார் என்று, என் கையெழுத்தைக் காட்டித்தான் முனுசாமியை ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். அவர் மனைவிக்கு அப்போது டவுன் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு நாள் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. போவதற்கு முன் எக்சேஞ்சுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "முள்ளு வுழறத நீங்க பாத்தீங்கனு எனக்குத் தெரியும்மா. ஒரு தபா எழுதியிருக்கலாம்" என்றார். நான் தலையைக் குனிந்து ஏதோ ரசீது தேடினேன். எழுதினால் முந்தைய மூன்று கையெழுத்தும் தப்பு என்றாகிவிடும், என்னையும் எங்காவது தூக்கி அடிப்பார்கள், உன் பள்ளிக்கூடம் கெடும் என்று பயந்தேன். உன் பள்ளிக்கூடம் கெடவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் நீ இப்படி ஆனாய். அடுத்த மழையில் அந்த லைன் ஒரேயடியாகச் செத்தது, ஜாயின்ட்டைத் தோண்டிப் பார்த்தார்கள், முனுசாமி சொன்னதுதான். அதற்காக யாரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் ஒரு கார்டு போடவில்லை. உன்னைப் பற்றி நான் நினைக்கிற கேவலம் எல்லாவற்றையும் முதலில் என்னைப் பற்றி நினைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆனால் உனக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது உனக்குச் சாதகமானதல்ல. எனக்குக் கீழே மூன்று பேர், மேலே முப்பது பேர். நான் எழுதியிருந்தால் நிஜமாகவே தூக்கி அடித்திருப்பார்கள். உனக்கு என்ன ஆகும்? புது வேலை கையில் இருக்கிறது. பழைய கம்பெனியில் ஒருவன் முகம் சுளிப்பான். ரிலீவிங் லெட்டர் பத்து நாள் தள்ளிப்போகும். இதற்குப் பயந்து நடுங்குகிற ஆளுக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயர். மழைக்காலத்தில் ஏரிக்கரைக் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு லைன்மேன் என்று பெயர். சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பேச எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நீ நல்லவன் இல்லை என்று நான் நினைக்கவில்லை. நல்லவனாக இருப்பதற்குச் சௌகரியமான நேரம் வரட்டும் என்று காத்திருக்கிறாய். எனக்கு அது வரவே இல்லை, அறுபத்து மூன்று வயதாகிறது.

நீ எழுதித் தர மாட்டாய் என்று தெரிந்ததும், நான் எழுதினேன். இரண்டு பக்கம், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அந்தச் சிப் எப்படி நடந்துகொள்ளும், பழைய டிரைவர் முதல் பதிலை எப்படி விட்டுவிடும், அதனால் லாக்கில் எப்படி வரும், சம்பவத்துக்குப் பிறகு அந்தக் குறையை எப்படிச் சரி செய்தார்கள், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று வரிசையாக எழுதினேன். எப்படித் தெரியும் என்ற இடத்தில் உன் முழுப் பெயரையும், நீ செய்கிற வேலையையும், நீ எனக்கு மகன் என்பதையும் எழுதினேன். நேற்று தேவகியோடு போய்ப் பால் கம்பெனி ஆபீஸில் கொடுப்பதாக ஏற்பாடு.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு கடையில் உட்கார்ந்து அவளுக்கு அதைப் படித்துக் காட்டினேன். உன் பெயர் வந்த இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அதுவரை அந்தப் பெட்டி உன்னுடையது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "புள்ள வெளிநாடு போற நேரம்மா. பேர மட்டும் அடிச்சிடுங்க. நான் எப்டினா பாத்துக்கறேன்" என்றாள். கையில் இருக்கிற வேலையே நிச்சயமில்லாதவள், முகம் தெரியாத உனக்காகச் சொன்னாள்.

அருணாசலம், அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. பேனாவைத் திறந்துவிட்டேன். அவளே சொல்லிவிட்டாள், இனி என் மேல் என்ன தப்பு என்று மனசு கணக்குப் போட்டது. பேனா உன் பெயருக்கு மேலே போய்விட்டது. நான் பெற்ற பிள்ளை இவ்வளவு மலிவாக எங்கிருந்து வந்தான் என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்; அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோனது. மூடியைப் போட்டு மூடிவிட்டு, அடிக்காமலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியதற்கு முத்திரை வைத்துத் தந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அதே ஆபீஸில் விசாரணை. பெங்களூரிலிருந்து காலையில் முதல் பஸ் பிடித்தால் வந்துவிடலாம். அன்றைக்குப் பௌர்ணமியும் இல்லை, கிரிவலக் கூட்டம் இருக்காது, உட்கார இடம் கிடைக்கும். நான் எழுதியது நிஜம் என்று சொல்ல உனக்குத் தைரியம் இல்லாவிட்டால், என் அம்மாவுக்கு வயசாகிவிட்டது, அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் எழுதியது பொய் என்று வந்து சொல். நான் மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் போனில் சொல்லாதே, மெயிலில் சொல்லாதே. நான் உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்துச் சொல்.

அம்மா